பிறந்தநாளில் அடுத்தவருக்கு ஒரு சின்ன உதவி: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக என் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதில்லை. அன்றைக்கு ஊருக்குள் யாருக்காவது நாலைந்து சின்ன வேலைகளைச் செய்துகொடுக்கிறேன். அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் செய்ய வேண்டும், பிள்ளைகளைச் செய்ய வைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் கடைக்கு வந்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தப் பழக்கம் உங்களுக்கு எப்படி வந்தது?

ஒரு தப்பில் இருந்து வந்தது. என் முப்பதாவது பிறந்தநாளுக்கு முப்பது பொட்டலம் தக்காளிச் சோறு கட்டிக்கொண்டு ராமேஸ்வரம் கோயில் பக்கம் போனேன். கொடுத்துக்கொண்டே போகும்போது ஒரு பாட்டி வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலையில இருந்து மூணு பேரு சோறு குடுத்துட்டாக தாயி. சோத்துக்கு இங்க குறை இல்ல. குளிக்க ஒரு சோப்பும் மாத்திக்க ஒரு சேலையும்தான் இல்ல" என்றார். பக்கத்தில் பார்த்தேன். எனக்கு முன்னால் யாரோ கொடுத்த பொட்டலங்கள் பிரிக்காமலே கிடந்தன. இரண்டை மாடு தின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குச் சோப்பு வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் என்னிடம் இருந்த இரண்டு நூல் சேலைகளைத் துவைத்து மடித்துக் கொண்டுபோனேன். அந்தப் பாட்டியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. சேலையை வாங்கும்போது முந்தியை விரித்து, ஓரத்தைத் தடவிப் பார்த்தாரே, அது இன்னும் கண்ணில் இருக்கிறது. எனக்குத் தோன்றியதைச் செய்வதும் அவருக்கு வேண்டியதைச் செய்வதும் வேறு வேறு என்று அப்போதுதான் புரிந்தது. அப்போதிருந்து கேட்காமல் எதுவும் கொடுப்பதில்லை.

அப்படிக் கேட்டால் சங்கடப்பட மாட்டார்களா?

"உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்று நேராகக் கேட்டால் சங்கடப்படுவார்கள். நம் பக்கத்து ஆட்கள் அதற்கு "ஒண்ணும் வேணாம்" என்றுதான் சொல்வார்கள். பேச்சோடு பேச்சாகக் கேட்க வேண்டும். தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், மாத்திரை யார் வாங்கி வருகிறார்கள், மகன் போன் செய்தானா என்று பேசிக்கொண்டிருந்தால் எங்கே இடிக்கிறது என்பது தானாக வெளியே வரும். பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே நான் இந்தப் பேச்சை ஆரம்பித்துவிடுவேன். உண்மையில் வேலையில் பாதி அதுதான்.

பாசிக்குப் போகிற பெண்களிடம் நான் கற்றதைச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்க முங்குகிற அக்காமார் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். பாறை அறுத்துவிடும். ஒரு வருடம் அவர்களுக்கு நல்ல கையுறை வாங்கிக் கொடுக்கலாம் என்று விலைகூட விசாரித்துவிட்டேன். வாங்குவதற்கு முன் ஓர் அக்காவிடம் காட்டினேன். "அது தண்ணி கோத்துக்கிட்டு வழுக்கும்டீ. பழைய லுங்கித் துணி இருந்தா நீட்டு நீட்டாக் கிழிச்சுக் குடு, அது போதும்" என்றார். தையல் கடையில் துணிக்கா பஞ்சம்? வெட்டில் விழுந்த பருத்தித் துண்டுகளை எல்லாம் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, சுருட்டிச் சுருட்டி ஒரு பை நிறையக் கொடுத்தேன். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. கையுறை வாங்கியிருந்தால் என் பணமும் போயிருக்கும், அவர்கள் விரலும் அறுபட்டிருக்கும்.

என் கையில் பணமே இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

உங்களுக்குத் தெரிந்த தொழிலைச் செய்யுங்கள். என் பிறந்தநாள் ஜூன் முதல் வாரம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். அரசுப் பள்ளிகளில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு நான்கு செட் சீருடை இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய உதவிதான், ஆனால் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி எல்லாப் பிள்ளைக்கும் அமைவதில்லை. இடுப்பு தொளதொளக்கும், பாவாடை முழங்காலுக்கு மேலே நிற்கும், போன வருடத்துச் சட்டையில் பொத்தான் இருக்காது. அன்றைக்குக் காலை ஆறு மணியில் இருந்து இரவு வரை, யார் சீருடை கொண்டுவந்தாலும் பிடித்தோ பிரித்தோ தைத்துக் கொடுப்பேன். கூலி கிடையாது. ஓரத்தில் மடித்திருக்கும் துணியை இறக்கிவிட்டால் ஒரு பாவாடை இன்னொரு வருடம் ஓடும். நூல், பொத்தான், கொக்கி எல்லாம் சேர்த்து எனக்கு 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

எலெக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்குப் போய் ஆடிக்கொண்டிருக்கும் சுவிட்சுகளை மாற்றிக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் வங்கியில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து படிவம் நிரப்பித் தரலாம். ஒன்றுமே தெரியாது என்கிறீர்களா, கண் மங்கிப்போன ஒருவருக்குக் கால் நகம் வெட்டிவிடுங்கள். அதை யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா?

கடன் வாங்கி மட்டும் எதையும் செய்யாதீர்கள்.

நம் கடற்கரையில் யாருக்கு என்ன தேவைப்படும்?

முதலில் தண்ணீர். இதை நான் வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும், நம் ஊர்க்காரர்களுக்குத் தேவையில்லை. நிலத்தடியில் உப்பு. குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற ஊரிலும் வராத நாள் உண்டு. கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மோந்து மோந்து ஒரு குடம் நிரப்புகிற ஊர்கள் உண்டு. தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் பெண்களைச் சாலையில் பார்க்காத நாளே கிடையாது. தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு நான்கு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினால் அவருக்கு இரண்டு நாள் நிம்மதி. சக்கரம் இறுகிப்போன தள்ளுவண்டிக்குப் பால்பேரிங் மாற்றிக் கொடுத்தால் அந்த வீட்டுக்கு ஒரு வருட நிம்மதி. இரண்டாவதைச் செய்த ஒர்க்‌ஷாப் அண்ணன் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரை அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்னும் பேரிங் மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அப்புறம், மாதத்தைப் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். நாட்டுப் படகு போகும், ஆனால் விசைப்படகில் கூலிக்குப் போகிறவருக்கும், ஐஸ் உடைக்கிறவருக்கும், மீன் வாங்கிக் கூடையில் விற்கிற அக்காவுக்கும் கை வறண்டுவிடும். அரசு நிவாரணம் கொடுத்தாலும் அது பழைய கடனுக்கே சரியாகிவிடும் வீடுகள் இருக்கின்றன. ஏப்ரல், மே, ஜூனில் பிறந்தவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிறந்தவர்கள் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றும் நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது கடலுக்குப் போகவும் முடியாது, ஓலை வீடும் ஒழுகும். தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட இரண்டு ஆள் போனாலே பெரிய உதவி.

வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு பானை மோர். மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் பிள்ளைகளில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிறவர்களுக்குப் பழைய வினாத்தாள் தொகுப்பு. மீன் பிடிக்கப் போய் இலங்கைச் சிறையில் இருக்கிற மீனவரின் வீட்டுக்கு நான் முன்பெல்லாம் என்ன கொண்டுபோவது என்று தெரியாமல் போகாமலே இருந்துவிடுவேன். அது தப்பு. அந்த வீட்டில் சமைக்கக்கூட மனம் இருக்காது. குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளைச் சாப்பிட வைத்துவிட்டு வாருங்கள். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

முப்பது வயதுக்கு முப்பது உதவி, ஐம்பதுக்கு ஐம்பது என்று கணக்கு வைக்க வேண்டுமா?

இளம்பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு உற்சாகமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் ஆனதும் எண்ணிக்கையை நிரப்ப ஓடுவோம். இருபத்தெட்டாவது ஆளின் முகம் நினைவிருக்காது. மூன்று செய்தால் போதும், மூன்றையும் முடித்துவிட்டு வரலாம்.

அன்னதானம் செய்யலாமா? காப்பகத்தில் ஒரு வேளைச் சாப்பாடு கொடுக்கலாமா?

தாராளமாக. கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம் எதுவானாலும் முன்கூட்டியே பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு நாலு பேர் பிரியாணி சொல்லியிருப்பார்கள், புதன்கிழமை இரவுக்கு ஒருவரும் இருக்க மாட்டார். எந்த நாள் காலியாக இருக்கிறதோ அந்த நாளைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் பிறந்தநாளாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இன்னொன்று, கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்: அங்கே இருக்கும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உங்களுக்கு வாழ்த்துப் பாட்டுப் பாட வைக்காதீர்கள். வாரா வாரம் தெரியாத ஒருவருக்குப் பாடிவிட்டுத்தான் சோறு என்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, முடிந்தால் அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு இட்லி கட்டிக்கொண்டு போகும் வழக்கம் முன்பு இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மதியம் சத்துணவு இருக்கவே இருக்கிறது. அதனால் அங்கே தேவை இப்போது வேறு. தலைமையாசிரியரிடம் கேளுங்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் கேட்டபோது, கழிப்பறைக்கு ஒரு வாளி, குவளை, துடைப்பம் என்று சொன்னார்.

ஏர்வாடி தர்காவுக்குப் போய்ச் சாப்பாடு கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். மனநலம் சரியில்லாதவர்களை வைத்துக்கொண்டு அங்கே மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் நடந்த தீ விபத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கே போகும்போது இந்த நினைப்போடு போங்கள். வேடிக்கை பார்க்காதீர்கள். நோயாளியைக் கூட்டிவந்திருக்கும் அம்மாவையோ அண்ணனையோ பாருங்கள். அவர்கள் ஒரு நாள்கூட அயர்ந்து தூங்கியிருக்க மாட்டார்கள். "நான் பக்கத்துல இருந்து பார்த்துக்கிறேன், நீங்க குளிச்சிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்கம்மா" என்று ஒருமுறை ஒரு தாயிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

குழந்தையின் பிறந்தநாளுக்கு என்ன செய்ய வைக்கலாம்?

வகுப்பில் மிட்டாய் கொடுக்கும் சந்தோஷத்தைப் பிடுங்காதீர்கள். அதோடு ஒன்று சேருங்கள், அவ்வளவுதான். ஐந்து வயதுப் பிள்ளை வாசலில் ஒரு மண்சட்டியில் காக்கைக்கும் மைனாவுக்கும் தண்ணீர் வைக்கட்டும். சட்டியைத் தினமும் கழுவுவது அவள் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். பத்து வயதுப் பையன் தான் படித்து முடித்த கதைப் புத்தகங்களில் இரண்டை வகுப்பு நூலகத்துக்குக் கொடுக்கட்டும். கிழிந்ததையும் அட்டை போனதையும் அல்ல, அவனுக்குப் பிடித்ததைக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கும்போது கொஞ்சம் வலித்தால் நல்லது.

அப்துல் கலாம் ஐயா ராமேஸ்வரத்தில் 1931 அக்டோபர் 15 அன்று பிறந்தார். அந்த நாளைத் தமிழ்நாடு இளைஞர் எழுச்சி நாளாகக் கொண்டாடுகிறது. பிள்ளைகளைப் பேய்க்கரும்பில் இருக்கும் நினைவிடத்துக்குக் கூட்டிப் போகிறவர்கள், அவர் சின்ன வயதில் அதே தீவில் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டவர் என்பதையும் சொல்லுங்கள். அதைச் சொன்ன அன்று என் அண்ணன் மகள், எங்கள் தெருவில் பேப்பர் போடும் தம்பிக்கு மழைக்கோட்டு இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னாள். நாங்கள் பெரியவர்கள் அத்தனை வருடம் அவனைப் பார்த்தும் அது தோன்றவில்லை. அவள் உண்டியலில் இருந்ததோடு நான் கொஞ்சம் போட்டு வாங்கிக் கொடுத்தோம்.

கொடுக்கும்போது போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா? மற்றவர்களுக்கும் தூண்டுதலாக இருக்குமே?

வேண்டாம். நான் ஒருமுறை வைத்தேன். தைத்துக் கொடுத்த கால்சட்டையை ஒரு பையன் சிரித்துக்கொண்டே வாங்கும் படம். நல்ல படம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அவன் அம்மா வந்து, "அக்கா, அந்தப் படத்தை எடுத்துடுங்க. ஓசி டவுசருன்னு கூட்டாளிக கூப்பிடுறாங்களாம், பள்ளிக்கூடம் போகமாட்டேங்கிறான்" என்றார். உடனே எடுத்துவிட்டேன். அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பன்னிரண்டு வயதுப் பையன், தலையை நிமிர்த்தவே இல்லை. அந்தச் சிரிப்பை நான்தான் வாங்கிக்கொண்டேன் என்று இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

தூண்டுதல் வேண்டும் என்றால், செய்த வேலையைப் படம் எடுங்கள். பேரிங் மாற்றிய சக்கரத்தை, கிழித்துச் சுருட்டிய துணியை, மடித்து அடுக்கிய சீருடையை. முகம் வேண்டாம்.

வாங்க மறுத்தால் என்ன செய்வது?

விட்டுவிடுங்கள். வற்புறுத்தினால் அது உதவி இல்லை. மானத்தோடு இருப்பவர்களுக்குத் தெரியாமல் செய்ய வழி இருக்கிறது. மளிகைக் கடை அண்ணனிடம் 500 ரூபாயைக் கொடுத்து, "ரொம்ப நாளாக் கணக்கு நிக்கிற ஒரு வீட்டுல கழிச்சிடுங்கண்ணே, எந்த வீடுன்னு எனக்குச் சொல்ல வேணாம், யார் குடுத்தான்னு அவங்களுக்கும் சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். எனக்குத் தெரிந்ததிலேயே இதுதான் நல்ல முறை. கடைக்காரர் நேர்மையானவராக இருக்க வேண்டும், அது உங்களுக்குத்தான் தெரியும். மறுத்தவரிடம் நீங்களே ஓர் உதவி கேட்டுப் பார்க்கலாம். ஓலைப்பெட்டி முடையக் கற்றுக்கொடுங்கள் என்று ஒரு பெரியம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நான் கொண்டுபோகும் மாத்திரையை வாங்கிக்கொள்கிறார்.

மரக்கன்று நடலாமா?

நட்ட பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது என்று பதில் இருந்தால் நடுங்கள். குடிக்கவே குடம் தூக்குகிற ஊரில் கன்றுக்குத் தண்ணீர் சும்மா வராது. அக்டோபரில் வரிசையாக நட்ட குழிகளில் பாதி, பங்குனிக்குள் காலியாகிவிடுவதைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

நம் மண்ணுக்குப் பனை. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். கொட்டையைப் பொறுக்கி, மழை தொடங்கும் முன்னால் ஓர் அடிக் குழியில் போட்டு மூடினால் போதும், ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். முதலில் வேர்தான் கீழே இறங்கும், ஓலை வெளியே தெரியப் பல மாதம் ஆகும். ஒன்றும் முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்த்துவிடாதீர்கள். பதநீரும் நுங்கும் தருவதற்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். இடத்துக்காரரிடமோ ஊராட்சியிலோ கேட்டுவிட்டு நடுங்கள். நிழல்தான் வேண்டும் என்றால் பூவரசம் போத்து, அதாவது வெட்டிய கிளை, ஊன்றலாம், உப்புக்காற்றைத் தாங்கும். கோடையில் பிறந்தவர்கள் புதிதாக நட வேண்டாம். ஏற்கெனவே நட்டுத் தவிக்கும் ஒரு கன்றுக்கு ஆடி வரை தண்ணீர் ஊற்றுங்கள்.

ரத்ததானம்?

பதினெட்டாவது பிறந்தநாளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. 18 முதல் 65 வயது வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. நம் பக்கத்துப் பெண்களில் பலருக்கு ரத்தசோகை இருக்கிறது. போய்ப் பார்த்து ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்பட வேண்டாம், அதைத் தெரிந்துகொண்டதும் ஒரு லாபம்.

ரத்தம் வருடக்கணக்கில் கெடாமல் இருக்காது. சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம், தட்டணுக்கள் ஐந்து நாள்தான். ஒரே நாளில் நூறு பேர் வரிசையில் நிற்பதைவிட, ராமநாதபுரம் அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் பெயரைப் பதிந்துவைத்து, அவர்கள் கூப்பிடும்போது போவது இன்னும் பயனுள்ளது. நடு இரவில் பிரசவத்துக்கு ரத்தம் தேடி அலைந்த வீட்டில் இருந்து வந்தவள் நான், அதனால் இதைச் சொல்லும்போது கொஞ்சம் குரல் உயர்ந்துவிடும்.

பலூன் கட்டலாமா? கடற்கரையில் கேக் வெட்டலாமா?

பலூனைப் பறக்கவிடாதீர்கள். நம் ஊரில் காற்று எப்படி அடித்தாலும் அது போய் விழுவது கடலில்தான். ஒருபக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா. தண்ணீரில் மிதக்கும் ரப்பர்த் துண்டும் பாலித்தீன் பையும் ஆமையின் கண்ணுக்குச் சொறி மீன் (ஜெல்லி மீன்) மாதிரி தெரியும், விழுங்கிவிடும். தை முதல் பங்குனி வரை தனுஷ்கோடிப் பக்கம் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட ஏறும். அந்த நாட்களில் இரவில் கரையில் விளக்கும் பட்டாசுமாகக் கூட்டம் கூடினால் தாய் ஆமை திரும்பிப் போய்விடும், பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் தப்பான பக்கம் ஊர்ந்து போகும்.

அப்படியானால் கடற்கரையைச் சுத்தம் செய்யலாமா?

செய்யலாம். காலையிலேயே போங்கள், சாக்கும் கெட்டியான செருப்பும் கொண்டுபோங்கள். பாட்டில், கப், அறுந்த நைலான் வலை இவற்றை எடுங்கள். பவளப்பாறைத் துண்டு ஒதுங்கியிருந்தால் அழகாக இருக்கிறது என்று வீட்டுக்கு எடுத்து வராதீர்கள், அது சட்டப்படி குற்றம். வலை மாதிரி கிடப்பதெல்லாம் குப்பையும் அல்ல, யாராவது காயப்போட்டிருப்பார்கள். கரையில் இருக்கும் அண்ணன்மாரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் குளிக்க வருகிறவர்கள் கடலில் விட்ட துணிகள் குவிந்து கிடக்கும். அங்கே வேலைக்கு முடிவே இல்லை. பொறுக்கிய குப்பையைக் கரையிலேயே கொளுத்தாமல் ஊராட்சி அல்லது நகராட்சி வண்டியில் சேர்க்க முதல் நாளே பேசிவையுங்கள்.

நான் துபாயில் இருக்கிறேன். இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

கீழக்கரையில் இருந்தும் தொண்டியில் இருந்தும் வெளிநாடு போன பிள்ளைகள் இதை அதிகம் கேட்கிறார்கள். பணம் அனுப்புவது சுலபம். அதைவிட, உங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு லாத்தாவுக்கோ (அக்கா) பெரியப்பாவுக்கோ அன்றைக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசுங்கள். கீழக்கரைக் காக்கா (அண்ணன்) ஒருவர் தன் பிறந்தநாளுக்குத் தன்னுடைய பழைய ஆசிரியருக்குத் தொதல் என்கிற இனிப்பு ஒரு டப்பா வாங்கிக் கொடுக்கச் சொல்லி, கொடுக்கும் நேரத்தில் வீடியோவில் வந்து பேசினார். ஆசிரியர் தொதலைத் தொடவே இல்லை, பேச்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் இருக்கும் அறையிலும் யாராவது ஊருக்குப் பேச முடியாமல் இருப்பார்கள், அவரையும் பாருங்கள்.

நட்சத்திரப் பிறந்தநாளா, தேதியா?

எதுவானாலும் சரி. இரண்டிலும் செய்தால் இரண்டு மடங்கு.

பிறந்த தேதியே தெரியாதவர்கள்?

என் அப்பத்தாவுக்குத் தெரியாது. ஆதார் அட்டையில் யாரோ ஒரு தேதியைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அதை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. கல்யாணமாகித் தனுஷ்கோடியில் இருந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தபோது, அக்காள் பிரசவத்துக்காகத் தங்கச்சிமடம் வந்திருந்ததால் தப்பித்தார். வீடு, பாத்திரம், கட்டின சேலை தவிர மற்ற துணி எல்லாம் போய்விட்டது. தங்கச்சிமடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தன் பெட்டியைத் திறந்து, "உனக்கு எது பிடிச்சிருக்கோ எடுத்துக்க" என்று சொன்னாராம். கிழிந்ததைத் தூக்கிப் போடாமல் பிடித்ததை எடுக்கச் சொன்னாரே என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மார்கழி நாளைத்தான் அப்பத்தா தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். வருடம் ஒருவருக்கு ஒரு சேலை. முதலில் போய், என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டுவிட்டு வருவார். அவர் இருந்த கடைசி மார்கழியில் நடக்க முடியவில்லை, என்னை அனுப்பினார். பாசிக்குப் போகிற ஓர் அக்கா, ரொம்ப யோசித்து, "பச்சை" என்றார். ராமநாதபுரம் போய்ப் பச்சையில் மூன்று வாங்கி வந்து அப்பத்தாவின் கட்டிலில் விரித்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மூணையும் கொண்டுபோ, அவளே எடுத்துக்கிரட்டும்" என்றார்.